நன்றாக இருப்பவருக்கு எதற்கு ஊசி?

வாசகர் கேள்வி:

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் நைனாவுக்கு 71 வயது. லுங்கித் தறி நெய்தவர். இப்போதும் காலையில் சிறிது நேரமாவது தறியில் உட்காராமல் இருக்க மாட்டார். 12 ஆண்டுகளாகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. மாத்திரைகள் 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் வீட்டுக்கே வந்துவிடுகின்றன. மூட்டு வலிக்கு மட்டும் கடையில் மாத்திரை வாங்கிக்கொள்கிறார். பெங்களூரில் இருக்கும் தம்பி 15,000 ரூபாய் அனுப்பி, 83 பரிசோதனைகள் அடங்கிய முழு உடல் பேக்கேஜ் எடுக்கச் சொல்கிறான். பக்கத்து வீட்டு அக்காவோ, பெரியவர்களுக்கு ஃபுளூ, நிமோனியா, அக்கி மூன்றுக்கும் தடுப்பூசி இருக்கிறது, அதைப் போடுங்கள் என்கிறார். மருந்துக்கடையில் விசாரித்தேன். ஃபுளூ ஊசி 2,000 ரூபாய், நிமோனியா ஊசி 4,000 ரூபாய், அக்கி ஊசி ஒரு தவணைக்கே 10,000 ரூபாய்க்கு மேல் என்றார்கள். நைனா எதற்கும் சம்மதிக்கவில்லை. "நன்றாக இருக்கிறவனுக்கு எதற்கு ஊசி? நோயை நாமே தேடிப் போய் வாங்க வேண்டுமா?" என்கிறார். அம்மாவுக்கு 66 வயது, பீடி சுற்றுகிறார், அவருக்கு ஒன்றும் இல்லை. இருக்கிற பணத்தில் எதை முதலில் செய்வது?

மருத்துவர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பேக்கேஜ் வேண்டாம். தம்பி அனுப்பிய பணத்தில் முதலில் நைனாவுக்கும் அம்மாவுக்கும் ஃபுளூ ஊசியும் நிமோனியா ஊசியும் போடுங்கள். நீங்கள் விசாரித்த விலைப்படி இருவருக்கும் சேர்த்து 12,000 ரூபாய் ஆகும். மீதி 3,000 ரூபாய் கையில் இருக்கட்டும். உங்கள் பெற்றோருக்கு உண்மையிலேயே தேவையான பரிசோதனைகளில் பெரும்பாலானவை குடியாத்தம் அரசு மருத்துவமனையிலேயே கட்டணமில்லாமல் கிடைக்கும். அக்கி ஊசிக்குப் பிறகு பணம் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி உங்கள் நைனாவின் கேள்விக்கு வருகிறேன். அவர் ஒரே மூச்சில் இரண்டு வேறு விஷயங்களை மறுக்கிறார். நோயைத் தேடிப் போவது 83 பரிசோதனைக்குப் பொருந்தும். அந்த அளவில் அவர் சொல்வது சரி. தடுப்பூசிக்கு அது பொருந்தாது.

பரிசோதனை நிலையங்கள் 'இயல்பான அளவு' என்று தாளில் அச்சிடுவது பொதுவாக, ஆரோக்கியமான 100 பேரை எடுத்துக்கொண்டால் 95 பேருக்கு இருக்கும் அளவு. மீதி 5 பேரும் ஆரோக்கியமானவர்களே. ஆனால் தாளில் அவர்களுடைய எண் தடித்த எழுத்தில் வரும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளைச் செய்தால், ஒரு குறையும் இல்லாத ஒருவருக்குக்கூட ஏதேனும் ஒன்று கோட்டைத் தாண்டிவிட 64 சதவீதம் வாய்ப்பு உண்டு. 83 என்றால் கேட்கவே வேண்டாம். அந்தத் தடித்த எழுத்தைப் பார்த்ததும் குடும்பமே கலங்கிப்போகும். அடுத்து ஒரு ஸ்கேன், அதிலும் தெளிவில்லை என்று இன்னொரு ஸ்கேன் என்று மாதக்கணக்கில் அலைச்சல். வேலூர் வரை பஸ்ஸில் வந்து, ஒன்றுமில்லை என்ற பதிலைக் கேட்டுக்கொண்டு திரும்பும் பெரியவர்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். அவர்கள் செலவழித்த பணமும் இழந்த தூக்கமும் என்னை மிகவும் வருத்துகின்றன.

புற்றுநோய்க் குறிகாட்டி என்ற பெயரில் பேக்கேஜில் சேர்க்கப்படும் ரத்தப் பரிசோதனைகள் இந்த வகையில் மிக மோசமானவை. சிஏ 125, சிஇஏ போன்றவை ஏற்கெனவே புற்றுநோய் உறுதியானவர்களைத் தொடர்ந்து கவனிக்கப் பயன்படுபவை. அறிகுறியே இல்லாதவரிடம் நோயைத் தேட உதவாதவை. அளவு கூடியிருந்தாலும் நோய் இருக்கிறது என்று பொருளில்லை. இயல்பாக இருந்தாலும் நோய் இல்லை என்று பொருளில்லை. நடுத்தர வயதினரிடம் பொது உடல் பரிசோதனை ஆயுளைக் கூட்டுகிறதா என்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019-இல் பல ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. இரண்டரை லட்சம் பேர் அடங்கிய அந்தத் தொகுப்பில், இறப்பு விகிதத்தில் ஏறக்குறைய வேறுபாடே தெரியவில்லை. முதியோரை மட்டும் வைத்து நடந்த ஆய்வுகள் அதில் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆகவே 'பரிசோதனையே வேண்டாம்' என்று நான் சொல்லவில்லை. உங்கள் நைனாவின் உடலுக்கு என்ன ஆபத்து இருக்கிறதோ, அதைக் கண்டறியும் பரிசோதனை மட்டும் போதும்.

தடுப்பூசி வேறு. அது நன்றாக இருப்பவருக்கு மட்டுமே பயன்படும். நோய் வந்த பிறகு போடும் ஃபுளூ ஊசியால் அந்த நோய்க்கு ஒரு பயனும் இல்லை. ஊசி போட்ட பின் உடல் எதிர்ப்பாற்றலைத் திரட்டிக்கொள்ள ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். வயது ஏற ஏற அப்படித் திரட்டும் திறனும் குறைந்துகொண்டே போகும். 'இன்னும் கொஞ்சம் வயதாகட்டும்' என்று தள்ளிப்போடுபவர் நாளுக்கு நாள் ஊசியின் பலனை இழக்கிறார்.

ஃபுளூவைப் 'பருவக் காய்ச்சல், நான்கு நாளில் போய்விடும்' என்றுதான் நம் ஊரில் நினைக்கிறோம். இளைஞருக்கு அது உண்மை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள 71 வயதுக்காரருக்கு உண்மையில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று, ஃபுளூ உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்பு வருவது மற்ற நாட்களைவிட ஏறத்தாழ 6 மடங்கு கூடுவதைக் காட்டியது. இதை நைனாவிடம் சொல்லுங்கள். காய்ச்சலுக்குப் பயப்படாதவர்கள்கூட நெஞ்சைப் பற்றிச் சொன்னால் காது கொடுக்கிறார்கள்.

ஃபுளூ ஊசியை ஆண்டுதோறும் போட வேண்டும். கிருமி தன் உருவத்தை மாற்றிக்கொண்டே இருப்பதால் ஊசியும் ஆண்டுதோறும் மாறுகிறது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி ஃபுளூ கூடுகிறது. ஆகவே புரட்டாசி முடிவதற்குள் போட்டுவிடுவது நல்லது. அந்த ஆண்டுக்குரிய ஊசிதானா என்று கேட்டு, பெட்டியின் மேலுள்ள தேதியைப் பாருங்கள். ஊசி போட்டுக்கொண்டவருக்கு ஃபுளூ வரவே வராது என்று நான் உறுதி தர மாட்டேன். முதியவர்களிடம் அதன் காப்பு முழுமையானதல்ல. மருத்துவமனையில் படுக்கும் அளவுக்கு நோய் முற்றுவதை அது குறைக்கிறது. அதற்காகத்தான் போடச் சொல்கிறேன். 'ஊசி போட்டதால்தான் காய்ச்சல் வந்தது' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வழக்கமாகப் போடும் ஃபுளூ ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை. ஒரு நாள் கைவலியும் உடல் அசதியும் இருக்கலாம்.

நிமோனியா ஊசி என்று மருந்துக்கடையில் சொன்னது நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவுக்கான ஊசி. அதில் வகைகள் உண்டு. 20 வகைக் கிருமிகளைத் தடுக்கும் ஊசி கிடைத்தால் ஆயுளுக்கு அந்த ஒன்றே போதும். 13 வகை ஊசி போட்டால், ஓராண்டு கழித்து 23 வகை ஊசி ஒன்றும் போட வேண்டும். வாங்கும் முன் எது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இது தெரியாமல் ஒரே ஊசியை இருமுறை போட்டுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். நெதர்லாந்தில் 65 வயதைக் கடந்த ஏறத்தாழ 85,000 பேரிடம் 13 வகை ஊசியை ஆராய்ந்தார்கள். ஊசி தடுக்கும் அந்த வகைக் கிருமிகள் ரத்தத்தில் பரவி முற்றும் நோயை அது 75 சதவீதம் குறைத்தது. ஃபுளூ ஊசியையும் இதையும் ஒரே நாளில், ஆளுக்கு இரு கைகளிலும் போடலாம். அன்று காய்ச்சல் இருந்தால் மட்டும் தள்ளிவையுங்கள்.

அக்கியைப் பற்றி நம் பக்கத்து மக்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குயவர் வீட்டுக்குப் போய்க் காவி கொண்டு அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அந்தக் காவி கொப்புளத்துக்குக் குளிர்ச்சி தரலாம், நரம்பில் இருக்கும் வைரஸை எட்டாது. சிறு வயதில் வந்த சின்னம்மையின் கிருமி நரம்பில் ஒடுங்கிக் கிடந்து, எதிர்ப்பாற்றல் தளரும் வயதில் கிளம்புவதுதான் அக்கி. கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்கினால் நோய் சீக்கிரம் அடங்கும். அக்கி எழுதப் போகும் இரண்டு மூன்று நாட்களில் அந்த நேரம் கடந்துவிடுகிறது. கொப்புளங்கள் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் நிற்கும் எரிச்சல்தான் பெரிய கொடுமை. சட்டை உரசினால்கூடத் துடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இதற்கான ஷிங்ரிக்ஸ் ஊசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. 50 வயது கடந்தவர்களுக்கு, 2 முதல் 6 மாத இடைவெளியில் இரண்டு தவணை. 70 வயதைக் கடந்தவர்களிடமும் ஏறத்தாழ 90 சதவீதம் காக்கிறது. மிக நல்ல ஊசி. ஆனால் இருவருக்கும் போட்டால் 40,000 ரூபாயைத் தாண்டும். கடன் வாங்கிப் போட வேண்டாம். தம்பியிடம் சொல்லி வையுங்கள்; முடிகிறபோது முதலில் நைனாவுக்குப் போடுங்கள். அதுவரை விலாவிலோ நெற்றியிலோ ஒரு பக்கமாக எரிச்சலுடன் கொப்புளம் கண்டால் அன்றே மருத்துவரிடம் போங்கள். கண்ணருகே வந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது.

இன்னொரு ஊசி நினைவுக்கு வருகிறது, மலிவானது: டெட்டனஸ், டிப்தீரியா இரண்டுக்கும் சேர்த்துப் போடும் டிடி ஊசி. கடைசியாகப் போட்டு 10 ஆண்டு ஆகியிருந்தால் ஒன்று போட்டுக்கொள்ளட்டும்.

ஊசியை எங்கே போடுவது என்பதில் கவனம் தேவை. மருந்துக்கடையில் வாங்கி, பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு, காட்பாடியில் பஸ் ஏறிக் குடியாத்தம் வரை எடுத்துப்போய் மருத்துவரிடம் கொடுப்பது நம் ஊரில் சாதாரணம். இந்த ஊசிகள் 2 முதல் 8 டிகிரி வெப்பத்துக்குள் இருக்க வேண்டும். நம் மாவட்டத்து வெயிலில் அந்தப் பயணம் ஊசியைக் கெடுத்துவிடும். பனிக்கட்டியின் மேல் நேராக வைத்து உறைய விட்டாலும் கெட்டுவிடும். கெட்ட ஊசியும் நல்ல ஊசியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் என்பதுதான் வேதனை. குளிர்ப்பெட்டியில் ஊசியை இருப்பு வைத்திருக்கும் மருத்துவரிடமே போய்ப் போட்டுக்கொள்ளுங்கள். பெயர், தேதி, தொகுதி எண் எழுதிய சீட்டை வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

ஃபுளூ, நிமோனியா, அக்கி ஆகிய மூன்று ஊசிகளையும் அரசே முதியோர் எல்லோருக்கும் போட வேண்டும் என்பது என் ஆசை. குழந்தைகளின் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டாவேக் சொட்டு மருந்து டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. முடிவு 2014-இல் வெளிவந்தது. இந்தியக் குழந்தைகளுக்கான மருந்தை நிரூபித்த நம் வேலூரில், தாத்தா பாட்டிக்கு ஊசி என்றால் இன்னும் வியப்பாகப் பார்க்கிறார்கள்.

நைனாவுக்கான பரிசோதனைகளுக்கு வருகிறேன். மாத்திரை வீட்டுக்கே வருவது பெரிய உதவி. ஆனால் மாத்திரை வருவதாலேயே மருத்துவரைப் பார்ப்பது நின்றுபோய்விடுகிறது. கடைசியாக எப்போது அவருடைய காலை யாராவது தொட்டுப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். 12 ஆண்டு சர்க்கரை உள்ளவர், வெறுங்காலால் தறி மிதிக்கிறவர். பாதத்தில் உணர்ச்சி மங்கியிருந்தால் சிராய் குத்தினாலும் தெரியாது. புண் பெரிதான பிறகுதான் தெரியும். மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் பத்து இடங்களில் தொட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு இரண்டு நிமிடம் போதும், ரத்தம் எடுக்க வேண்டியதில்லை. 83 பரிசோதனைப் பட்டியலில் அது இருக்காது. அதுவரை தினமும் இரவில் நீங்களே அவர் உள்ளங்காலைப் பாருங்கள். தறியில் உட்காரும்போது மென்மையான செருப்பு அணியச் சொல்லுங்கள்.

அடுத்து சிறுநீரகம். ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கிரியாட்டினின் மட்டும் பார்த்துவிட்டு 'சிறுநீரகம் நன்றாக இருக்கிறது' என்று சொல்வதில் பயனில்லை. பாதிப்பின் தொடக்கத்தில் அது பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும், ஆல்புமின்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். கடையில் வாங்கும் மூட்டு வலி மாத்திரை எனக்கு அச்சமூட்டுகிறது. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் போன்றவை ரத்த அழுத்தத்தை ஏற்றும், ரத்த அழுத்த மாத்திரையோடு சேர்ந்து சிறுநீரகத்தைச் சிதைக்கும். இன்றே நிறுத்திவிட்டு, வலிக்கு வேறு வழியை மருத்துவரிடம் கேளுங்கள்.

கண்ணில் மருந்து விட்டு விழித்திரையைப் பார்ப்பது ஆண்டுக்கு ஒரு முறை. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி ஆண்டுக்கு இரண்டு முறை. இந்த வயதில் அதை 7-க்குக் கீழே இழுத்துப் பிடிக்க வேண்டிய கட்டாயமில்லை. சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவது கூடுதலாக இருப்பதைவிட ஆபத்து. ரத்த அழுத்தத்தை உட்கார்ந்தபடியும், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள்ளும் பார்க்கச் சொல்லுங்கள். நின்றதும் மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் மாத்திரை அளவை மாற்ற வேண்டியிருக்கும். இரவில் கழிவறைக்கு எழுந்து விழுகிற பெரியவர்களில் பலருக்குக் காரணம் இதுதான். வீட்டில் நீங்களே ஒன்றைச் சோதிக்கலாம்: நாற்காலியிலிருந்து எழுந்து, 10 அடி நடந்து, திரும்பி வந்து உட்கார அவருக்கு எவ்வளவு நேரம் ஆகிறது? 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உண்டு என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். காது, பல் இரண்டையும் வாய்ப்புக் கிடைக்கும்போது காட்டுங்கள்.

சகோதரி, உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் நிறுத்தியது கடைசி வரிகளில் ஒன்று. 'அவருக்கு ஒன்றும் இல்லை.' 66 வயது வரை பீடி சுற்றிய ஒருவருக்கு ஒன்றும் இல்லை என்று யார் பார்த்துச் சொன்னார்கள்? நம் மாவட்டத்து வீடுகளில் அம்மாவின் உடம்பைப் பற்றி அவரும் பேசுவதில்லை, மற்றவர்களும் கேட்பதில்லை. தம்பி அனுப்பிய பணமும் முழுக்க நைனாவுக்கென்றே வந்திருக்கிறது. அதனால்தான் ஊசிக் கணக்கை இருவருக்குமாகப் போட்டேன்.

அம்மாவுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் மூன்றையும் பாருங்கள். புகையிலை மெல்லும் பழக்கம் இருந்தால் வாயை முழுதாகத் திறக்கச் சொல்லிப் பல் மருத்துவரோ பொது மருத்துவரோ பார்க்கட்டும். ஆறாத புண், வெள்ளைத் திட்டு, வாய் திறக்க முடியாத இறுக்கம் எதுவும் கவனிக்கத்தக்கது. மார்பகத்தை மருத்துவரோ செவிலியரோ கையால் பரிசோதிக்க வேண்டும். கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையைப் பொதுவாக 65 வயதோடு நிறுத்திக்கொள்கிறோம், ஆனால் இதுவரை ஒரு முறைகூடச் செய்யாதவர் என்றால் அந்த வரம்பு பொருந்தாது. மாதவிடாய் நின்று இத்தனை ஆண்டுக்குப் பிறகு ஒரு துளி ரத்தம் பட்டிருந்தாலும் சொல்ல வேண்டும். அவர் தம்பியிடமோ நைனாவிடமோ சொல்ல மாட்டார். உங்களிடம்தான் சொல்வார், நீங்கள் தனியாகக் கேட்டால்.

மருத்துவமனைக்குப் போகும் நாளில் இருவரையும் சேர்த்தே அழைத்துச் செல்லுங்கள். அம்மாவும் ஊசி போட்டுக்கொள்கிறார் என்றால் நைனாவின் பிடிவாதம் பாதி தளரும். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும், கடையில் வாங்கியவை, சித்த மருந்து, லேகியம் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். தம்பி பழைய வரிமுறையில் வருமான வரி கட்டுபவர் என்றால், பெற்றோரின் நோய்த்தடுப்புப் பரிசோதனைச் செலவில் 5,000 ரூபாய் வரை கழிவு கோரலாம். ரசீதை அவருக்கு அனுப்பிவையுங்கள்.

ஒன்று மட்டும் ஊசிக்கோ பணத்துக்கோ காத்திருக்கக் கூடாது. பீடித் தூளில் உட்காருபவர்களின் இருமலை 'தூசி இருமல்' என்று விட்டுவிடுவது நம் ஊர் வழக்கம். அம்மாவுக்கு இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமல் இருந்தால், அல்லது காரணமில்லாமல் எடை குறைந்திருந்தால், நாளைக் காலையே அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்யுங்கள். காசநோய்க்கான பரிசோதனையும் மருந்தும் அங்கே இலவசம்.